எல்லாமே நீர்க்கடுப்பு இல்லை

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையை ஆங்காங்கே அப்படியே விட்டிருக்கிறேன்.)



நம் செயலாளர் போனில் கூப்பிட்டு, "உன் கம்பெனி அனுபவம் எதையாவது இருபது நிமிஷம் பேசுப்பா" என்றார். நான் இந்தத் தலைப்பைச் சொன்னதும் எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "லேடீஸ் எல்லாம் வருவாங்களேப்பா" என்றார். "அவங்க வர்றதாலதான் சார்" என்றேன். அப்புறம் மறுபேச்சுப் பேசாமல் ஒப்புக்கொண்டார். அவருக்கு என் முதல் நன்றி.

நான் டாக்டர் இல்லை. 2010இல் இந்த வாசலைத் தாண்டிப் போன இன்ஸ்ட்ருமென்டேஷன் இன்ஜினியர். தொட்டியில் மட்டம் எவ்வளவு, குழாயில் அழுத்தம் எவ்வளவு என்று அளப்பதுதான் என் பிழைப்பு. அப்படிப்பட்டவனுக்குச் சிறுநீர்ப்பையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டால், என் அக்காவால் தெரியும். அக்கா கல்வராயன் மலையில் ஆசிரியை. கச்சிராயபாளையத்தில் வீடு. தினமும் கோமுகி அணையைத் தாண்டி மலைப்பாதையில் பஸ் ஏறி வேலைக்குப் போய் வருகிறவர். ஆறு வருஷம் அடிவயிற்று வலியோடு அந்த பஸ்ஸில் போய் வந்தார். இதைப் பேசலாமா என்று அவரிடம் கேட்டேன். "என் பேரைச் சொல்லாதே தம்பி, மத்ததெல்லாம் சொல்லு" என்றார்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லணும். நம் பக்கத்தில் சிறுநீர் போகும்போது எரிந்தால் நீர்க்கடுப்பு. அடிக்கடி போனாலும் நீர்க்கடுப்பு. அடிவயிறு இழுத்துப் பிடித்தால் சூட்டு வலி. வைத்தியமும் கையோடு வந்துவிடும்: இளநீர், மோர், ஊறவைத்த வெந்தயம், தொப்புளில் விளக்கெண்ணெய், கால் கட்டைவிரலில் சுண்ணாம்பு. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் நெருஞ்சில், சிறுபீளை என்று கஷாயம் வைப்பார்கள். இவற்றை நான் கேலி பண்ணவில்லை. தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நின்றதால் வருகிற எரிச்சல், ரெண்டு இளநீர் குடித்தால் அடங்கத்தான் செய்யும். ஆனால் நீர்க்கடுப்பு என்பது ஒரு நோயின் பெயரே இல்லை, ஓர் அறிகுறியின் பெயர். மோட்டார் ஓடவில்லை என்றால் அது கரன்ட் இல்லாததாலா, காயில் எரிந்ததாலா, தண்ணீர் வற்றியதாலா என்று பார்க்காமல் யாராவது மோட்டாரைக் கழற்றுவார்களா? உடம்பு விஷயத்தில் மட்டும் அதைச் சாதாரணமாகச் செய்கிறோம்.

பெண்களுக்கு இந்த உறுப்பில் வருகிற வலியில் பெரும்பகுதி கிருமித் தொற்றுதான். காரணம் உடலமைப்பிலேயே இருக்கிறது. ஆணுக்குச் சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வருகிற குழாய் ஏறக்குறைய 20 செ.மீ.; பெண்ணுக்கு சுமார் 4 செ.மீ. குடலில் வாழும் ஈ.கோலை என்ற கிருமிக்கு அந்த 4 செ.மீ. ஒரு தூரமே இல்லை. பெண்களில் பாதிப் பேருக்காவது வாழ்நாளில் ஒரு தடவை இந்தத் தொற்று வரும் என்பது மருத்துவப் பாடத்தில் உள்ள கணக்கு. சரியான மாத்திரை சில நாள் சாப்பிட்டால் போய்விடும். காய்ச்சல், நடுக்கம், விலாப் பக்கத்தில் வலி என்று வந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்று சந்தேகப்பட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கர்ப்பிணிகள் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. இதுவரைக்கும் பலருக்குத் தெரிந்த விஷயம்.

தெரியாத விஷயம், கிருமியே இல்லாமல் வருகிற வலி. இதற்கு ஆங்கில மருத்துவத்தில் இன்டர்ஸ்டிஷியல் சிஸ்டைடிஸ் என்று பழைய பெயர், பிளாடர் பெயின் சிண்ட்ரோம் என்று புதுப்பெயர். தமிழில் சிறுநீர்ப்பை வலி நோய் என்று சொல்லலாம். ஆறு வாரத்துக்கு மேல் அடிவயிற்றில் வலியோ அழுத்தமோ இருக்கும். பை நிறைய நிறைய வலி கூடும், போய்விட்டு வந்தால் கொஞ்சம் குறையும். அதனாலேயே பகலில் இருபது தடவை, இரவில் ஐந்தாறு தடவை என்று எழுந்து போகிறவர்கள் உண்டு. பரிசோதனையில் கிருமி இருக்காது, வேறு காரணமும் தென்படாது.

என் தொழில் பாஷையில் சொல்றேன். சிறுநீர்ப்பை சாதாரணமாக 400, 500 மில்லி கொள்கிற தொட்டி. 150, 200 மில்லி சேரும்போதே முதல் சிக்னல் வரும்; நாம் அதைக் கவனிக்காமல் வேலையைப் பார்ப்போம். இந்த நோயில் தொட்டி நிறையவில்லை, ஆனால் மட்டம் காட்டும் கருவி 'ஹை லெவல் அலாரம்' அடித்துக்கொண்டே இருக்கிறது. ஏன் அடிக்கிறது? பையின் உள்சுவரில் வழவழப்பான ஒரு பூச்சு உண்டு. அது தேய்ந்துபோய் சிறுநீரிலுள்ள உப்புகள் சுவருக்குள் இறங்கி நரம்பைச் சீண்டுகின்றன என்பது ஒரு விளக்கம். நரம்பே அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிட்டது என்பது இன்னொன்று. இடுப்புக் குழியின் அடித்தளத் தசைகள் இறுகி முடிச்சுப் போட்டுக்கொள்வதும் பலரிடம் சேர்ந்தே இருக்கிறது. ஒரே காரணம்தான் என்று இன்னும் யாரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. எதுவாக இருந்தாலும், அலாரம் தப்பாக அடிக்கும்போது தொட்டியைத் திரும்பத் திரும்ப மருந்து ஊற்றிக் கழுவிப் பயனில்லை அல்லவா? ஆன்டிபயாட்டிக் மேல் ஆன்டிபயாட்டிக் கொடுப்பது அந்த மாதிரிதான்.

அக்காவுக்கு நடந்தது அதுதான். வலி வந்தால் மாத்திரை, ஐந்து நாள். கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கும், மறுபடி வரும், இன்னும் வீரியமான மாத்திரை. மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டி வாங்கியதும் உண்டு. ஒரு லீவில் நான் அவருடைய ஃபைலைத் தரையில் பரப்பித் தேதி வாரியாக அடுக்கினேன். ஆறு வருஷத்தில் பதினான்கு தடவை ஆன்டிபயாட்டிக். கல்ச்சர் பரிசோதனை செய்தது நாலே தடவை. நாலிலும் 'கிருமி வளர்ச்சி இல்லை' என்றுதான் ரிப்போர்ட். அந்த நாலு தாளையும் சேர்த்து வைத்து யாரும் படிக்கவே இல்லை. கடைசியாகப் பார்த்த ஒருவர் (எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம்) ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "எல்லாம் நார்மல், மனசுலதான் பிரச்சினை, வேலையை விட்டுட்டு நிம்மதியா இருங்க" என்றார். அன்று இரவு அக்கா அழுதது வலிக்காக இல்லை. பொய் சொல்கிறவள் என்று தன்னை நினைத்துவிட்டார்களே என்பதற்காக. மாமாவின் அம்மா நல்ல மனுஷி. அவங்ககூட, "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையாமே" என்று ஒரு மாதிரியாகக் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

இந்த 'மனசுலதான்' கதை நம் ஊரில் மட்டும் நடந்ததில்லை. இன்டர்ஸ்டிஷியல் சிஸ்டைடிஸ் என்ற பெயரை அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அலெக்சாண்டர் ஸ்கீன் 1887இலேயே எழுதிவிட்டார். 1915இல் பால்டிமோரைச் சேர்ந்த கை ஹன்னர் சில பெண்களின் சிறுநீர்ப்பைச் சுவரில் ஒரு வகைப் புண் இருப்பதை விவரித்தார். இன்றைக்கும் அது ஹன்னர் புண்தான். ஆனால் எல்லாரிடமும் அந்தப் புண் இருக்காது. புண் தெரியாத பெண்களைப் பல பத்தாண்டுகள் மருத்துவ உலகம் நரம்புத் தளர்ச்சி, மனக் கோளாறு என்று ஒதுக்கியது. 1980களின் தொடக்கத்தில் விக்கி ராட்னர் என்ற அமெரிக்க மருத்துவ மாணவிக்கு இந்த வலி வந்தது. டாக்டர் டாக்டராக ஏறி இறங்கியும் பதில் இல்லை. டாக்டருக்குப் படிக்கிற பெண்ணுக்கே இந்த கதி! கடைசியில் நூலகத்தில் உட்கார்ந்து தானே படித்துத் தன் நோயைக் கண்டுபிடித்தார். 1984இல் நோயாளிகளுக்காக ஒரு சங்கம் தொடங்கினார். அந்தச் சங்கம் குரல் கொடுத்த பிறகுதான் அமெரிக்க அரசின் ஆராய்ச்சி நிறுவனம் 1987இல் நிபுணர்களைக் கூட்டி, இந்த நோயை எப்படி வரையறுப்பது என்று பேசியது. ராட்னர் பின்னால் எலும்பு அறுவை மருத்துவர் ஆனார். மருத்துவம் படிக்க நினைக்கிற தங்கைகள் இந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளலாம்.

2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வயது வந்த பெண்களில் 2.7 முதல் 6.5 சதவீதம் பேருக்கு இந்த நோயின் அறிகுறிகள் இருப்பதாகத் தெரிந்தது. அவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான் நோயின் பெயரையே யாராவது சொல்லியிருந்தார்கள். அவ்வளவு வசதி உள்ள நாட்டிலேயே நிலைமை அதுதான். இங்கே நம் நாட்டு மருத்துவர்களும் இதற்கென்றே ஒரு சங்கம் வைத்து, இந்திய நோயாளிகளுக்கு ஏற்ற சிகிச்சை வழிகாட்டுதல்களை எழுதியிருக்கிறார்கள். ஆக, இது வெள்ளைக்காரர்கள் சமாச்சாரம் என்று தள்ளிவிட வேண்டாம்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? 'இதுதான்' என்று காட்டுகிற ஒற்றைப் பரிசோதனை கிடையாது. மற்றதெல்லாம் இல்லை என்று ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும். அதில் முதல் படி கல்ச்சர். இதை மட்டும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்றேன், ஏன்னா தப்பு நடக்கிற இடம் அதுதான்.

மாத்திரை போடுவதற்கு முன்னால் சிறுநீர் கொடுக்க வேண்டும். ரெண்டு நாள் மாத்திரை சாப்பிட்டுவிட்டுக் கொடுத்தால், கிருமி இருந்தாலும் வளராது. முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைச் சுத்தமான டப்பாவில் பிடிக்க வேண்டும். அறையின் வெப்பநிலையில் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. ஃப்ரிட்ஜில் வைத்தால் 24 மணி நேரம் தாங்கும். இப்போது நம் மலையை நினைத்துப் பாருங்கள். வெள்ளிமலையில் காலையில் பிடித்த சிறுநீரைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருந்து, கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கி, கள்ளக்குறிச்சி வந்து லேபில் கொடுக்கும்போது மணி பதினொன்று. அதற்குள் வெளியிலிருந்து ஒட்டிய நாலு கிருமி நாலு லட்சம் ஆகியிருக்கும். லேபும் 'கிருமி இருக்கு' என்று எழுதும். அதற்கு ஒரு மாத்திரை. ஆகவே மலையிலிருந்து வருகிறவர்கள் கீழே இறங்கி லேபிலேயே கொடுப்பது நல்லது. முடியாது என்றால், தடுப்பூசி கொண்டுபோகிற ஐஸ் பெட்டி மாதிரி ஒன்றில் வைத்துக் கொண்டுவர வேண்டும். பத்து ரூபாய் ஐஸ் கட்டியில் தீர்கிற பிரச்சினை இது. மெட்ரோவுக்கும் ராக்கெட்டுக்கும் சென்சார் செய்கிற நாம் இதையும் கொஞ்சம் யோசிக்கலாம்.

கல்ச்சரில் ஒன்றும் இல்லை, வலி மட்டும் நிற்கவில்லை என்றால், கல் இருக்கிறதா, சிறுநீர் கழித்த பிறகும் பையில் தங்குகிறதா என்று ஸ்கேனில் பார்ப்பார்கள். நம் நாட்டில் காசநோயை மறக்கவே கூடாது. காசநோய் சிறுநீர்ப்பையையும் பிடிக்கும், பையைச் சுருக்கியும் விடும். சீழணுக்கள் இருக்கின்றன, ஆனால் சாதாரணக் கல்ச்சரில் கிருமி வளரவில்லை என்றால் அதற்குரிய பரிசோதனையைக் கேட்டுச் செய்ய வேண்டும். கருப்பை உள்வரிச் சதை வெளியே வளர்கிற எண்டோமெட்ரியோசிஸும் இதே மாதிரி வலிக்கும். சிறுநீரில் ரத்தம் வந்தால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ளாமல் விடக் கூடாது. தேவைப்பட்டால் குழாய்க் கேமரா விட்டுப் பையின் உள்ளே பார்ப்பார்கள். ஹன்னர் புண் இருந்தால் அதில்தான் தெரியும்.

டாக்டரிடம் போகும்போது கையில் எடுத்துப்போக வேண்டியது ஸ்கேன் ரிப்போர்ட்டைவிட ஒரு நாற்பது பக்க நோட்டு என்பேன். மூன்று நாள்: எத்தனை மணிக்குப் போனோம், எத்தனை மில்லி (பழைய அளவு டம்ளர் போதும்), வலி பத்துக்கு எத்தனை, அதற்கு முன்னால் என்ன சாப்பிட்டோம். எங்கள் தொழிலில் இதற்கு டேட்டா லாகிங் என்று பெயர், அதற்கே ஒரு கருவியை லட்ச ரூபாய்க்கு விற்கிறோம். அக்கா எழுதிய நோட்டில் முதல் வாரத்திலேயே ஒன்று பளிச்சென்று தெரிந்தது. ஒரு தடவைக்கு 80, 90 மில்லிக்கு மேல் போனதே இல்லை. ஸ்டாஃப் ரூம் டீ குடித்த முக்கால் மணி நேரத்தில் வலி ஏழு, எட்டு. புளிக்குழம்பு அன்றைக்கும் அப்படியே. அந்த நோட்டைப் பார்த்த டாக்டர்தான் முதன்முதலாக, "இந்த வலி நிஜம்மா, இதுக்குப் பேர் இருக்கு" என்று சொன்னவர்.

சிகிச்சை பற்றி. பூரணமாகக் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை, அதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஆனால் பெரும்பாலானவர்களுக்கு வலியை நன்றாகக் குறைக்க முடியும். காபி, டீ, சோடா, எலுமிச்சை, தக்காளி, மிளகாய்க் காரம் ஆகியவை பலருக்கு வலியைத் தூண்டுகின்றன. எல்லாருக்கும் எல்லாமும் இல்லை. சில வாரம் நிறுத்தி, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது ஆகவில்லையோ அதை மட்டும் விட்டால் போதும். புளி, காரம் இல்லாமல் நம்மால் உயிர் வாழ முடியுமா என்று அக்காவே கேட்டார். அவருக்கு டீயும் புளியும் ஆகவில்லை. மிளகாய் ஒன்றும் செய்யவில்லை. நல்லவேளை! அடுத்தது, அலாரம் அடித்த உடனே ஓடாமல் ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் என்று மெல்ல மெல்லத் தள்ளிப் பழகுவது. பிறகு பிசியோதெரபி. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பிரசவத்துக்குப் பிறகு சொல்லித் தருகிற, தசையை இறுக்குகிற பயிற்சி இங்கே கூடாது. ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் தசையைத் தளர்த்தத்தான் பயிற்சி வேண்டும். தெரியாமல் இறுக்கினால் வலி கூடும்.

மாத்திரைகளில் அமிட்ரிப்டிலின் என்பதை இரவில் மிகக் குறைந்த அளவில் தருவது வழக்கம். மருந்துக் கடையில், "இது மன அழுத்தத்துக்குக் கொடுக்கிறதாச்சே" என்பார்கள். ஆமாம், அதுவேதான். ஆனால் இங்கே அது நரம்பு வலிக்காகக் கொடுக்கப்படுகிறது. அதைச் சொல்லாமல் சீட்டு எழுதினால், 'பார், கடைசியில் பைத்தியத்துக்கு மாத்திரை கொடுத்துட்டாங்க' என்று அந்தப் பெண் நிறுத்திவிடுவாள். காலையில் மந்தமாக இருக்கும், வாய் உலரும் என்பதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பென்டோசான் என்ற மருந்தை அமெரிக்கா 1996இல் அனுமதித்தது. நீண்ட நாள் சாப்பிட்டவர்களுக்குக் கண்ணின் விழித்திரையில் பாதிப்பு வருவதாக 2018இல் மருத்துவர்கள் எழுதினார்கள். 2020இல் எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. அதைச் சாப்பிடுகிறவர்கள் கண் டாக்டரையும் பார்க்க வேண்டும். மயக்கம் கொடுத்துப் பையை நீரால் விரித்துப் பார்ப்பது (நாம் பைப்லைனுக்குச் செய்கிற ஹைட்ரோ டெஸ்ட் மாதிரிதான், ஆனால் குறைந்த அழுத்தத்தில்), ஹன்னர் புண்ணைச் சுடுவது, பைக்குள்ளேயே மருந்து செலுத்துவது, போடாக்ஸ் ஊசி என்று மேலே மேலே படிகள் இருக்கின்றன. அவற்றை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒரு விஷயம் கல்யாணமானவர்களுக்கு. இந்த நோயில் தாம்பத்தியமும் வலிக்கும். மனைவி ஒதுங்குகிறாள் என்று கணவன் நினைத்துக்கொள்கிறான், அவளோ வாய் திறப்பதில்லை. மாமா ஒரு நாள் அக்காவோடு டாக்டர் அறைக்குள் போய் உட்கார்ந்தார். பாதிப் பிரச்சினை அன்றைக்கே தீர்ந்தது என்று அக்கா சொல்கிறார்.

அடுத்தது கழிப்பறை. 'அடக்கி அடக்கித்தான் இந்த நோய் வந்துச்சா?' என்று அக்காவுக்கு ஒரு சந்தேகம். அதனால்தான் வலி நோய் வருகிறது என்று நிரூபணம் இல்லை. ஆனால் தண்ணீர் குடிக்காமலும், மணிக்கணக்காக அடக்கியும் இருந்தால் தொற்று வர வழி உண்டு. வலி ஏற்கெனவே உள்ளவர்களுக்கு அது நரகம். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் ஜவுளிக் கடைகளில் வேலை செய்த பெண்கள், கழிப்பறை இல்லாததால் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் நின்றார்கள். பி. விஜி என்ற தையல் தொழிலாளி அவர்களைச் சேர்த்து 'பெண்கூட்டு' என்று அமைப்பு தொடங்கிப் போராடினார். அந்தப் போராட்டத்தின் பலனாக 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடும் 2021இல் சட்டம் கொண்டுவந்தது. அது கடைகளுக்கு. கரும்பு வெட்டுகிற பெண்ணுக்கும், நாற்று நடுகிற பெண்ணுக்கும், மலை பஸ்ஸில் போகிற டீச்சருக்கும் எந்தச் சட்டமும் இன்னும் வரவில்லை.

நம் கல்லூரியில் இரண்டாம் மாடியில் மாணவிகளுக்கான கழிப்பறை இருக்கிறது. காலையில் போய்ப் பார்த்தேன், அதாவது ஒரு பேராசிரியையை அனுப்பிப் பார்த்தேன். கதவு இருக்கிறது, டைல்ஸ் இருக்கிறது, மதியத்துக்கு மேல் தண்ணீர் ஏறுவதில்லை. எங்கள் பேட்ச் சார்பில் தனி மோட்டாரும், மேலே ஒரு தொட்டியும், தொட்டிக்கு மட்டம் காட்டும் கருவியும் போட்டுத் தருகிறோம். முதல்வர் அனுமதி கொடுத்துவிட்டார். கருவியை நானே வந்து மாட்டுகிறேன்.

கடைசியாக, எங்கே போவது என்ற கேள்வி. நம் ஊரில் 'கிட்னி டாக்டர்' என்று ஒரே பெயரில் இரண்டு பேரைச் சொல்கிறோம். டயாலிசிஸ் பார்க்கிறவர் நெஃப்ராலஜிஸ்ட். நமக்கு வேண்டியவர் யூராலஜிஸ்ட். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது. 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. மருத்துவக் கல்லூரி என்றால் நுண்ணுயிரியல் துறை இல்லாமல் இருக்காது. ஆகவே மாத்திரைக்கு முன் கல்ச்சர் என்பது இனி நமக்கு எட்டாத விஷயம் இல்லை. பெண் டாக்டர்தான் வேண்டும் என்றால் மகப்பேறு பிரிவில் தொடங்கலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் சீட்டு வாங்கிக்கொண்டு புதுச்சேரி ஜிப்மருக்கோ சேலத்துக்கோ போகலாம். நோட்டும் பழைய கல்ச்சர் ரிப்போர்ட்டுகளும் தேதி வாரியாகக் கையில் இருக்கட்டும்.

அக்கா இப்போது எப்படி இருக்கிறார் என்று மேடை ஏறும் முன் ஒரு நண்பன் கேட்டான். ஒரு தடவைக்கு 220 மில்லி. இரவில் ஒரு தடவைதான் எழுந்திருக்கிறார். பரீட்சை சமயத்திலும் கல்யாண வீடுகளுக்குப் போய்வந்தாலும் வலி திரும்ப வருகிறது, நாலைந்து நாள் இருக்கிறது, அடங்குகிறது. வேலையை விடவில்லை. மூன்று நாள் எழுதுவதற்கான கட்டம் போட்ட தாள்கள் வாசல் மேஜையில் இருக்கின்றன. அவரே போட்டுக் கொடுத்தது. பெயர் எழுதும் இடம் அதில் இல்லை. வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு எடுத்துப் போகிற ஆண்களும் எடுத்துக்கொள்ளலாம்.